பத்து மாதம் ஆபீஸ், இரண்டு மாதம் ராணுவம்: தெரியுமா உங்களுக்கு?

பெங்களூர் தொம்மலூரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் எம்பசி கோல்ஃப் லிங்க்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க உள்ளே போகும் ஆயிரமாயிரம் பேர். இன்னொரு பக்கம் ராணுவத்தின் ஏ.எஸ்.சி. மையத்து மதில். பழைய ஏர்போர்ட் சாலையில் விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனை. தொம்மலூரிலிருந்து கோரமங்களா போகிற சாலையே ராணுவ நிலத்தை ஊடறுத்துக்கொண்டுதான் போகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் மென்பொருள், அந்தப் பக்கம் சிப்பாய். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே ஆண்டில் வேலை பார்க்கலாம், இரண்டிலும் பதவி உயர்வும் வாங்கலாம் என்பது தெரியுமா?

சட்டப்படி முடியும்! அதற்கென்றே இந்தியாவில் ஒரு படை இருக்கிறது. பிராந்திய ராணுவம் என்று பத்திரிகைகள் எழுதும். உள்ளே இருப்பவர்கள் ‘டி.ஏ.’ (டெரிடோரியல் ஆர்மி) என்பார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. இது இந்திய ராணுவத்தின் ஓர் அங்கம். அதே சீருடை, அதே தோள்பட்டை நட்சத்திரம். ஆனால் அதிகாரியாகச் சேர ஒரு விசித்திரமான தகுதி வேண்டும்: உங்களுக்கு ஏற்கெனவே வேறொரு வேலையோ தொழிலோ இருக்க வேண்டும்! வேலை தேடி வருபவருக்கு இங்கே இடமில்லை. வேலையில் இருப்பவருக்குத்தான் இடம்.

சரி, இதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? நம் ராஜாஜி! பிராந்திய ராணுவச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9 அன்று, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜிதான் இந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தார். இன்றும் அக்டோபர் 9-தான் டி.ஏ. தினம். காந்தியின் அருகிலேயே இருந்து அகிம்சை பேசிய மனிதர், குடிமக்கள் துப்பாக்கி பிடிக்கும் படையைத் தொடங்கி வைத்திருக்கிறார் என்று படிக்கும்போது புல்லரிக்கிறது. அதற்கு மறுநாள், 1949 அக்டோபர் 10 அன்று, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை ராணுவம் பிறந்தது. அதிலும் நிரந்தரப் படையோடு தொண்டர் படை என்று ஒரு பிரிவு உண்டு. அந்தத் தொண்டர் படையின் வேர் 1881-இல் தொடங்கிய சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி தொண்டர்களிடம் இருக்கிறது. இரண்டு நாடு, அடுத்தடுத்த இரண்டு நாள்!

பெங்களூருக்கு இதைவிடப் பழைய கதை இருக்கிறது. 1868-லேயே ‘பெங்களூர் ரைஃபிள் வாலண்டியர்ஸ்’ என்ற பகுதிநேரப் படை கன்டோன்மென்டில் இருந்தது. சென்னையில் அதற்கும் முன்னால், 1857-இல், ‘மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ்’. 1920-இல் வெள்ளைக்கார அரசு இந்தப் பகுதிநேரப் படையை இரண்டாகப் பிரித்தது: ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை, இந்தியருக்கு இந்தியப் பிராந்தியப் படை. ஒரே ஊரில், ஒரே வேலைக்கு, நிறத்தைப் பார்த்து இரண்டு படை. சுதந்திரம் வந்து அந்தக் கோடு அழிந்த பிறகு எழுந்ததுதான் இன்றைய டி.ஏ.

இப்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் வருவோம். தல தோனி! 2011 நவம்பரில் அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி தந்தார்கள். எந்தப் படையில்? 106-ஆவது காலாட்படை பட்டாலியன், பிராந்திய ராணுவம், பாராசூட் பிரிவு. அதன் தளம் எங்கே தெரியுமா? பெங்களூரேதான்! நாட்டிலேயே பாராசூட் பிரிவைச் சேர்ந்த டி.ஏ. பட்டாலியன்கள் இரண்டுதான், ஒன்று நம் பெங்களூரில், மற்றது மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில்.

பதவி கௌரவப் பதவிதான். ஆனால் தோனி அதைச் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கமாக விட்டுவிடவில்லை. 2015 ஆகஸ்டில் ஆக்ராவில் பயிற்சி எடுத்து, ஏ.என்.-32 விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்தார். அதில் ஒன்று இரவில்! அதற்குப் பிறகுதான் பாரா வீரருக்கான சிறகுச் சின்னம் அவர் மார்பில் ஏறியது. 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்திடம் தோல்வி. நாடே அவர் ரன் அவுட்டை நினைத்து அழுதுகொண்டிருந்தது. அவரோ மேற்கிந்தியத் தீவுகள் பயணத்திலிருந்து விலகிக்கொண்டு சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 15 வரை தெற்குக் காஷ்மீரில் தன் பட்டாலியனோடு ரோந்து, காவல், போஸ்ட் டியூட்டி. நடுவில் ஆகஸ்ட் 5 அன்றுதான் காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த 370-ஆவது பிரிவு நீக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாட்களில் அங்கே நின்றார்.

கௌரவப் பதவி பெற்ற பிரபலங்கள் இன்னும் உண்டு. கபில் தேவ் 2008-இல், மோகன்லால் 2009-இல், ஒலிம்பிக் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா 2011-இல் தோனியோடு, நீரஜ் சோப்ரா 2025-இல். இவர்கள் யாரும் தேர்வு எழுதி அந்த இடத்துக்கு வந்தவர்கள் இல்லை. நாடு கொடுத்த மரியாதை அது.

தேர்வு எழுதி வந்து, படிப்படியாக ஏறுகிறவர்களின் கதைதான் என்னைக் கட்டிப்போடுகிறது. அனுராக் தாக்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி.யாக இருக்கும்போதே தேர்வெழுதி, நேர்காணல் முடித்து, 2016 ஜூலையில் 124-ஆவது சீக்கியப் பட்டாலியனில் லெப்டினன்ட் ஆனார். தோளில் இரண்டு நட்சத்திரம். மூன்றாவது நட்சத்திரம் எப்போது வந்தது தெரியுமா? 2021 மார்ச்சில்! அப்போது அவர் மத்திய நிதித்துறை இணையமைச்சர். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு. முழுநேர ராணுவத்தில் ஓர் இளைஞர் லெப்டினன்டாகச் சேர்ந்து இரண்டே ஆண்டில் கேப்டன் ஆகிவிடுகிறார். பட்ஜெட் போடும் அமைச்சகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றாவது நட்சத்திரத்துக்கு அத்தனை ஆண்டு! அவருக்கு முன்பே, 2012-இல், மத்திய அமைச்சராக இருந்த சச்சின் பைலட்டும் இதே பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

டி.ஏ.வில் லெப்டினன்ட் கர்னல் வரை காலக்கணக்கில் பதவி உயர்வு வரும். ஆனால் வெறும் காலண்டர் கிழிந்தால் போதாது; வகுத்திருக்கும் நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும். கர்னல், பிரிகேடியர் இரண்டும் தேர்வுக் குழு பார்த்துக் கொடுப்பது. தோள்பட்டையைப் படிக்கத் தெரியுமா? இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட், மூன்று கேப்டன். மேஜர் ஆனதும் நட்சத்திரமெல்லாம் போய் சிங்க முத்திரை ஒன்று மட்டும் வரும். அதனோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு சேர்ந்தால் கர்னல், மூன்று சேர்ந்தால் பிரிகேடியர். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் லெப்டினன்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய், மேஜருக்கு 69,400. அடுத்த படியைக் கேளுங்கள்: லெப்டினன்ட் கர்னலுக்கு 1,21,200! ஒரே ஒரு நட்சத்திரம் சேர்ந்ததற்கு இத்தனை பெரிய தாவல். இதற்கு மேல் ராணுவச் சேவைச் சம்பளம் 15,500 வேறு. ஆனால் ஒன்று, இதெல்லாம் சீருடையில் இருக்கும் நாட்களுக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் உங்கள் கம்பெனிச் சம்பளம்.

சீருடையில் எத்தனை நாள்? சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி. ஆண்டுதோறும் இரண்டு மாத கேம்ப். முதல் இரண்டு ஆண்டுக்குள் டேராடூனில் இருக்கும் இந்திய ராணுவ அகாடமியில் மூன்று மாதப் பயிற்சி. ஆமாம், முழுநேர அதிகாரிகள் அணிவகுத்துத் தேறும் அதே அகாடமி! கேம்புக்குப் போய்ச் சீருடை போடுவதை ‘எம்பாடி’ ஆவது என்பார்கள். முடிந்து வீட்டுக்குத் திரும்பினால் ‘டிஸ்எம்பாடி’. தொம்மலூரில் இருக்கும் டி.ஏ. அதிகாரி ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒருமுறை சிப்பாய் ஆகி, ஒருமுறை குடிமகன் ஆகிறார். பத்து மாதம் கணினி முன் உட்கார்ந்து இறுகிப்போன முதுகோடு கேம்புக்குப் போய், முதல் நாளே அணிவகுப்பு மைதானத்தில் தன் ஜவான்கள் முன்னால் நிற்க வேண்டும். அந்த முதல் வாரத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. அவர்கள் ஆண்டுதோறும் அதைச் செய்கிறார்கள்!

நகர்ப்புறப் பிரிவுகளுக்கு இன்னொரு ஏற்பாடு இருந்தது, தெரியுமா? வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் பயிற்சி. நான்கு மணி நேரம் பயிற்சி எடுத்தால் ஒரு நாள் கணக்கு! சனிக்கிழமை காலை போய் நான்கு மணி நேரம் அணிவகுத்துவிட்டு வந்தால் ஒரு நாள் ராணுவச் சேவை ஏட்டில் ஏறிவிடும்.

ஆச்சரியம் என்னவென்றால், உலகத்தின் மறுகோடியில் அமெரிக்காவிலும் இதே நான்கு மணி நேரம்தான்! அங்கே ரிசர்வ் படையில் நான்கு மணி நேரப் பயிற்சி ஒன்றுக்கு ‘டிரில்’ என்று பெயர். ஒரு சனி-ஞாயிறில் நான்கு டிரில், ஆண்டுக்கு 48, அதற்கு மேல் இரண்டு வார முகாம். டிரில்லுக்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கு 50 புள்ளி சேர்ந்தால்தான் அது ‘நல்ல ஆண்டு’. இப்படி 20 நல்ல ஆண்டு சேர்ந்தால்தான் ஓய்வூதியம். நாற்பத்தொன்பது புள்ளியோடு நின்றுவிட்டால் அந்த ஆண்டு கணக்கில் சேராது!

அங்கே ஒரு வினோதமும் இருக்கிறது. டிரில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு, பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும் அதிகாரிகள் உண்டு. குழந்தை பிறந்திருக்கும், ஊர் மாறியிருப்பார், கம்பெனியில் பொறுப்பு கூடியிருக்கும். பல ஆண்டு சீருடையே போடாமல் இருப்பார். ஆனாலும் அவர் முறை வரும்போது பதவி உயர்வுக் குழு அவர் கோப்பை எடுத்துப் பார்க்கும்! 1996 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அப்படிச் சும்மா இருப்பவரும் போட்டியில் இருக்கிறார். தேறினால் வீட்டில் இருந்தபடியே மேஜர். இரண்டு முறை தேறாத கேப்டன் பொதுவாகப் படையைவிட்டே விலக வேண்டியதுதான். சரி, தேறிவிட்டார், மறுபடி டிரில்லுக்குப் போக ஆசை வந்துவிட்டது. அப்போதுதான் சிக்கல்! திரும்பிப் போக அந்தப் பதவிக்கு ஏற்ற காலியிடம் ஏதாவது ஒரு பிரிவில் இருக்க வேண்டும். பதவிக் கூம்பில் மேலே போகப் போக இடம் குறைகிறது. கேப்டனாக இருந்தபோது பத்து இடத்தில் கூப்பிட்டிருப்பார்கள். லெப்டினன்ட் கர்னல் ஆனதும் பக்கத்து மாநிலம் வரை தேட வேண்டியிருக்கும். பதவி உயர்வே திரும்பி வரும் கதவைச் சிறியதாக்கிவிடுகிறது!

சிங்கப்பூர்த் தமிழர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே இது விருப்பம் இல்லை, கடமை. தேசியச் சேவை முடித்த ஆண்கள் பத்து சுற்றுகளுக்கு முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம். சிப்பாய்க்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வயது வரை! வங்கியில் வேலை பார்க்கும் நம் பையன்கள் அங்கே ஆண்டுதோறும் ராணுவப் பையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போவது சாதாரணக் காட்சி.

இங்கே தொம்மலூரில் அடுத்த கேள்வி உடனே வரும்: இரண்டு மாதம் லீவு கேட்டால் மேனேஜர் கொடுப்பாரா? ராணுவச் சேவைக்கு அழைத்தால் லீவு கொடுப்பது முதலாளியின் கடமை என்றே பிராந்திய ராணுவச் சட்டம் சொல்கிறது. திரும்பி வந்ததும், போகாமலே இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில் வேலையில் வைக்க வேண்டும். மறுத்தால் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கட்டச் சொல்லலாம்! எத்தனை மனிதவள அதிகாரிகளுக்கு இது தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஓய்வூதியக் கணக்கைக் கேட்டால் அசந்துபோவீர்கள். டி.ஏ. அதிகாரிக்கு ஓய்வூதியம் வேண்டும் என்றால் எம்பாடி ஆகி இருந்த காலம் மொத்தம் 20 ஆண்டு இருக்க வேண்டும். வெறும் இரண்டு மாத கேம்பை வைத்து அதைச் சேர்க்க எத்தனை ஆண்டு ஆகும்? 120 ஆண்டு! அதனால் தொடர்ந்து பணியில் இருக்கும் பட்டாலியன்களில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கே அது கிடைக்கிறது. மற்றவர்கள் ஓய்வூதியத்தை எதிர்பார்த்து வருவதில்லை. இந்த ஒரு கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு இவர்கள் மேல் மரியாதை பல மடங்கு கூடியது.

“பகுதிநேரம்தானே, நிஜப் போருக்குப் போவார்களா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: லான்ஸ் நாயக் நசீர் அகமது வானி. காஷ்மீர்க்காரர். 2004-இல் டி.ஏ.வில் சேர்ந்தார், 162-ஆவது பட்டாலியன். இரண்டு முறை சேனா பதக்கம். 2018 நவம்பர் 25 அன்று ஷோபியானில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர் கொடுத்தார். 2019 குடியரசு தினத்தில் அசோக சக்ரா! அமைதிக்காலத்தின் மிக உயர்ந்த வீர விருது. அதைப் பெற்ற முதல் காஷ்மீர்க்காரர் அவர்தான், அவர் ஒரு டி.ஏ. வீரர். 1962, 1965, 1971 போர்களிலும் இந்தப் படை நின்றது. இலங்கையில் நடந்த ‘ஆபரேஷன் பவன்’ வரை அதன் வரலாற்றில் இருக்கிறது.

மரம் நடும் பட்டாலியன்களும் இதில் உண்டு, தெரியுமா? 1982 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 127-ஆவது பட்டாலியன், சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி மொட்டையாகிப்போன முசௌரி மலைகளுக்கு மறுபடி பச்சை கொடுத்தது. துப்பாக்கி பிடித்த கை மண்வெட்டி பிடித்தது.

பெண்கள்? இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களின் ஊழியர்களைக் கொண்ட டி.ஏ. பிரிவுகள் உண்டு. ஓ.என்.ஜி.சி.யில் வேலை பார்த்த ஷில்பி கர்க்முக் 2016-இல் அப்படி ஒரு பிரிவில் சேர்ந்து டி.ஏ.வின் முதல் பெண் அதிகாரி ஆனார். மற்ற பிரிவுகளின் கதவு மூடியே இருந்தது. 2018 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் 2025 அறிவிப்பில் இடங்கள் எத்தனை தெரியுமா? நாடு முழுவதற்கும் மொத்தம் 19. ஆண்களுக்கு 18, பெண்களுக்கு ஒன்றே ஒன்று! இது போதவே போதாது என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

அதே 2025-இல்தான் இந்தப் படையின் பெயர் வீடு வீடாகப் போனது. ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், மே 6 தேதியிட்ட அரசாணை ஒன்று வந்தது. பிராந்திய ராணுவ விதி 33-ன்படி, தேவைப்பட்டால் ஒவ்வோர் அதிகாரியையும் ஒவ்வொரு வீரரையும் அழைக்க ராணுவத் தளபதிக்கு அதிகாரம்! இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ எம்பாடி செய்யவும் அனுமதி. காலம் 2028 பிப்ரவரி 9 வரை.

தமிழ்நாட்டிலும் இந்தப் படை இருக்கிறது. கோயம்புத்தூரில் 110-ஆவது பட்டாலியன், மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தது. திருச்சியில் 117-ஆவது, கார்ட்ஸ் பிரிவு. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

சேர வேண்டுமா? பட்டப்படிப்பு, வேலை, 18-லிருந்து 42 வயது. நாற்பத்திரண்டு! முழுநேர ராணுவம் இருபதுகளிலேயே கதவைச் சாத்திவிடும். முதலில் எழுத்துத் தேர்வு: தர்க்கம், கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம்.  தனித்தனியாக 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். பிறகு நேர்காணல், அதற்குப் பிறகு முழுநேர அதிகாரிகளைச் சல்லடை போடும் அதே எஸ்.எஸ்.பி. தேர்வு வாரியம், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. முன்பு ராணுவத்தில் அதிகாரியாக இருந்து வெளியேறி, இப்போது கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தனி வழி இருக்கிறது. பழைய சீருடையைப் பெட்டியிலிருந்து எடுக்க ஆசைப்படுபவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். கணக்குக்குப் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தூசி தட்டி எடுங்கள். ஓட்டப் பயிற்சியை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.